நெட்டுக்காட்டுப் பாதையும் மாயவனின் பின் ஆக்சிலும்

ஒரு நாட்டின் நாகரிகத்தை அதன் சாலைகளை வைத்து அளக்கிறவர்கள் விவரம் தெரியாதவர்கள். சாலை போட்டு அதன்மேல் போவதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது? சாலையே போடாமல் ஜனங்களைத் தலைமுறை தலைமுறையாகப் போகவர வைத்திருப்பதுதான் உயர்ந்த நாகரிகம். இந்த அளவுகோலின்படி பார்த்தால், கல்வராயன் மலையில் கரியாலூருக்கு மேலே காட்டுக்குள் கிடக்கும் நெட்டுக்காடு என்னும் குக்கிராமம் எப்போதோ உலகத்தின் தலைநகரமாகியிருக்க வேண்டும். ஏதோ நிர்வாகக் காரணங்களால் அது தள்ளிப்போய்விட்டது.

நெட்டுக்காட்டுக்கு ஒரு பாதை உண்டு. கரியாலூரில் தார் முடிகிற இடத்தில் அது தொடங்கும். கொஞ்ச தூரம் பாதை மாதிரியே நடித்துக்கொண்டு வரும். பிறகு 'வழுக்கு மேடு' என்னும் செம்மண் ஏற்றம் வந்ததும் வேஷத்தைக் கலைத்துவிடும். ஒரு தூறல் விழுந்தால் போதும், அந்த மேட்டில் ஆடுகூட யோசித்துத்தான் கால் வைக்கும்.

அந்தப் பாதையில் ஓடுகிற ஒரே வண்டி மாயவனுடைய ஜீப். மாயவன் பிறப்பதற்கு முன்பே பிறந்த ஜீப் அது. இறங்கும்போது கடுக்காய் மூட்டை, மரவள்ளி, சாமை. ஏறும்போது ரேஷன் அரிசி, சிமெண்டு, எப்போதாவது ஒரு மணப்பெண். வழுக்கு மேட்டில் மணப்பெண் உட்பட எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். நெட்டுக்காட்டுக்கு வாழ்க்கைப்பட்ட பெண்கள் புகுந்த வீட்டில் வலது காலை வைப்பதற்கு முன்னால் இரண்டு காலையும் சேற்றில் வைத்தவர்கள்.

மாயவனின் மனைவி இருசம்மாளும் அப்படித் தள்ளி வந்தவள்தான். தள்ளியபோதே ஒரு முடிவுக்கு வந்தாளோ என்னவோ, பிற்பாடு ஊராட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு நின்றாள். ஒரே ஒரு வாக்குறுதி கொடுத்தாள்: தார் ரோடு. ஜெயித்தாள். அன்றிலிருந்து குழாயடியில் அவள் குடத்தை வைத்த மறு நிமிடமே யாராவது கேட்பார்கள்: "இன்னா மெம்பரு, ரோடு எந்த மட்டும் வந்துகினு இருக்குது?"

ரோடு வராததற்கு அரசாங்கத்தைக் குறை சொல்ல முடியாது. அதற்கென்றே கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி வீட்டில் 'குக்கிராம இணைப்பு ஆய்வுப் பிரிவு' என்று ஓர் அலுவலகம் அல்லும் பகலும் இயங்கிக்கொண்டிருந்தது, அதாவது பகலில். அதன் விதி எளிமையானது. பாதை எவ்வளவு மோசம் என்பதை ஆய்வாளர் வாகனத்தில் சென்று நேரில் பார்த்து எழுத வேண்டும். எழுதினால் சாலை வரும். பலமுறை ஆய்வாளர்கள் கிளம்பினார்கள். பலமுறை அலுவலக வண்டி வழுக்கு மேட்டில் சிக்கியது. ஒவ்வொரு முறையும் ஒரே அறிக்கைதான் வந்தது: "பாதை மிக மோசமாக இருந்தபடியால், பாதை மோசமாக உள்ளதா என்பதை ஆய்வு செய்ய இயலவில்லை."

"நடந்து வந்து பாருங்க சார், அர மணி நேரம்தான்" என்று இருசம்மாள் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

ஆய்வாளர் நாராயணசாமி பதறிப்போனார். நல்ல மனிதர். விதியை மீறிக் கனவுகூடக் காணாதவர். "நடந்து வந்தா அது நடைபாதை ஆய்வும்மா. அது வேற பிரிவு. இன்னொருத்தர் வேலைய நாம செய்யக் கூடாது" என்றார். தன் வேலை விஷயத்திலும் அவர் இதே நாகரிகத்தைக் கடைப்பிடித்து வந்தார்.

இந்த நேரத்தில்தான் விஞ்ஞானம் குறுக்கே வந்தது.

விஞ்ஞானத்தின் பெயர் சரத்குமார். கச்சிராயபாளையம் சாலையில் பட்டறை வைத்திருக்கும் இளைஞன். 'கல்லை கரடுமுரடு வாகனப் பேரவை'யின் செயலாளரும் அவனே. வாரம் முழுக்க நல்ல சாலையில் போய் அலுத்துப்போனவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கெட்ட சாலையைத் தேடிப் போவதற்காக ஏற்படுத்திய அமைப்பு அது. அவர்கள் வழுக்கு மேட்டைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். பயபக்தியால் அல்ல, செருப்பு சேற்றோடு போய்விட்டது. ஆனாலும் முகத்தில் பயபக்தி இருந்தது.

"அண்ணே, தங்கம் மாதிரி மேடு. தயவு செஞ்சி ரோடு கீடு போட்டுக் கெடுத்துடாதீங்க" என்றான் சரத்குமார்.

"நாங்க எங்க தம்பி கெடுக்கறது? அதுக்குன்னு ஒரு ஆபீசே வச்சிருக்காங்க, கெட்டுப்போவாம பாத்துக்கறதுக்கு" என்றான் மாயவன். அப்போது அவனுடைய ஜீப்பும் அதே மேட்டில் சிக்கியிருந்தது. ஒரு சக்கரம் சேற்றில் வெறித்தனமாகச் சுழல, மற்ற சக்கரம் கெட்டி மண்ணில் சும்மா நின்றுகொண்டிருந்தது.

சரத்குமார் குனிந்து ஜீப்பின் அடியைப் பார்த்தான். நோயாளியின் நாக்கைப் பார்க்கிற டாக்டர் மாதிரித் தலையை ஆட்டினான்.

"பின் ஆக்சில் நடுவுல டிஃபரன்ஷியல்னு ஒண்ணு கீதுண்ணே. வளைவுல திரும்பறப்ப ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்தறதுக்கு வச்சது. அது இன்னா பண்ணும்னா, எந்தச் சக்கரம் சேத்துல சும்மா சுத்திக்கினு கீதோ, அதுக்கே எஞ்சின் சக்திய பூராவும் குடுக்கும். கெட்டி மண்ணுல நிக்கிற சக்கரத்துக்கு ஒண்ணும் கெடையாது."

"வேலைக்காவாத சக்கரத்துக்கா எல்லாத்தயும் குடுக்குது?"

"ஆமாண்ணே."

"அப்ப அது கவருமெண்டு சாமானா?"

இல்லை, கம்பெனியே வைத்ததுதான் என்று சரத்குமார் விளக்கினான். அதற்கு மாற்று மருந்தையும் சொன்னான். மின்சாரத்தில் பூட்டுகிற டிஃபரன்ஷியல். பேரவையில் அதைச் செல்லமாக 'லாக்கர்' என்பார்கள். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச் இருக்கும். அமுக்கினால் ஆக்சிலுக்குள் ஒரு மின்காந்தம் கப்பென்று பிடிக்கும். அப்புறம் இரண்டு சக்கரமும் ஒன்றாகத்தான் சுற்றியாக வேண்டும். ஒன்று சேற்றில் விளையாடினாலும் மற்றது இழுத்துக்கொண்டு மேலே போய்விடும். கோயம்புத்தூரில் உடைத்துப் போட்ட ஒரு புது மாடல் வண்டியிலிருந்து அப்படி ஓர் ஆக்சில் கிடைக்கும் என்றான்.

வண்டியைத் தள்ள இறங்கி நின்ற இருசம்மாள் இதைக் கேட்டதும் காதிலிருந்த கம்மலைக் கழற்றினாள்.

"ஏ இருசு, இன்னா பண்ற?"

"ஒன் ஜீப்புக்கு இல்லய்யா. அந்த ஆளு ஒருவாட்டி மேல வந்து பாத்துட்டா ரோடு வந்துடும். ரோடு வந்தா ஒன் காந்தத்த கழட்டி வித்துட்டு என் கம்மல அடகுலேர்ந்து மூட்டுக் குடு."

ஆக்சில் மாற்றும் வைபவம் பட்டறையில் வெகு விமரிசையாக நடந்தது. பேரவை உறுப்பினர்கள் அனைவரும் வந்து ஆளுக்கொரு ஆலோசனை வழங்கினார்கள். சரத்குமார் ஒரு கையில் ஸ்பேனரும் ஒரு கையில் செல்போனுமாக, அமெரிக்கக்காரர் ஒருவர் வீடியோவில் செய்வதைப் பார்த்துப் பார்த்துச் செய்தான். புது ஆக்சில் பழைய ஜீப்பைவிட அகலமாக இருந்தது. அதைப் பற்றி அமெரிக்கக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. வெட்டினார்கள், ஒட்டினார்கள். பாட்டரியிலிருந்து ஒயர் இழுத்து, நடுவில் ஒரு பியூஸ் வைத்து, ஸ்டியரிங் பக்கத்தில் ஸ்விட்சைப் பொருத்தினார்கள். அமுக்கியதும் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. கூட்டம் கை தட்டியது. மாயவன் அந்த இடத்திலேயே ஸ்விட்சுக்குக் குங்குமம் வைத்து, புது ஆக்சிலில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கட்டினான்.

மலைக்குத் திரும்பியதும் அவன் வேறு மனிதனாகிவிட்டான். முன்பெல்லாம் வழுக்கு மேட்டில் இறங்கித் தள்ளிய ஜனங்கள் இப்போது உட்கார்ந்தபடியே ஏறினார்கள். ஏறுவதற்கு முன் ஸ்விட்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மாயவன் அதை அமுக்குகிற அழகே தனி. முதலில் ஒரு முறை சுற்றிப் பார்ப்பான். எல்லோரும் பார்க்கிறார்களா என்று உறுதி செய்துகொள்வான். அப்புறம்தான் விரல் போகும்.

மாயவனின் ஜீப்பிலேயே வந்து பார்க்க நாராயணசாமி ஒப்புக்கொண்டார். ஆய்வு நாள் வந்தது. முந்தின இரவு பெய்த மழையில் வழுக்கு மேடு உச்சகட்டப் பொலிவோடு இருந்தது. இருசம்மாள் புருஷனைத் தனியாகக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"நல்லா கேட்டுக்க. ஆபீசர ஏத்திக்கினு வா. ஆனா மேட்டுல வந்ததும் அந்த சுவிட்ச அமுத்திடாத. கொஞ்ச நேரம் சிக்கிக்கினு நிக்கட்டும். வண்டி நாலு வாட்டி பின்னால சறுக்கட்டும். அவரு கண்ணால பாக்கட்டும். அப்பறமா அமுத்து."

"சரி."

"சத்தியம் பண்ணு."

"நம்ப மலைச்சாமி கரியராமரு மேல சத்தியம். அமுத்த மாட்டேன்."

சத்தியம் செய்தபோது மாயவன் ஒரு விஷயத்தை மறந்துவிட்டான். அந்தப் பக்கத்து ஜீப் டிரைவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மலைக்கு வருகிற விருந்தாளியின் கையில், கரியாலூர் டீக்கடையில் ஒரு டம்ளர் டீ வாங்கிக் கொடுப்பார்கள். அதோடு முன் சீட்டில் உட்கார வைத்து, டீ சிந்தாமல் ஊர் சேர்ப்பவன்தான் டிரைவர். சிந்தினால் அவன் டிரைவர் இல்லை, வெறுமனே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பவன். வெள்ளிமலையிலும் சேராப்பட்டிலும் இந்தப் பெருமையை அடைந்தவர்கள் உண்டு. மாயவனுக்கு மட்டும் வழுக்கு மேடு அதைக் கொடுத்ததே இல்லை.

நாராயணசாமி கையில் டம்ளரோடு முன் சீட்டில் அமர்ந்தார். டீக்கடை வாசலில் மற்ற டிரைவர்கள் நின்று பார்த்தார்கள். ஜீப் கிளம்பியது.

மேட்டுக்கு வந்ததும் மாயவன் சத்தியத்தைக் காப்பாற்றினான். சக்கரம் சுழன்றது. ஜீப் முக்கியது, பின்னால் சறுக்கியது. டம்ளரில் டீ விளிம்பு வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

"இன்னாப்பா, ஏறாதா?" என்றார் நாராயணசாமி.

"பாதை அப்படி சார். ரொம்ப மோசம். எழுதிக்கோங்க."

"பாதைய சொல்லாதப்பா. கையில சூட்சுமம் இல்லாத டிரைவருங்க எல்லாரும் பாதையத்தான் சொல்லுவாங்க."

மாயவனின் காது மடல் சூடாகியது. ஜீப் இன்னொரு முறை சறுக்கியது. டீ மறுபடி விளிம்புக்கு வந்தது. இந்தத் தடவை உள்ளே போகிற எண்ணம் அதற்கு இல்லை. ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு, டம்ளரின் உதட்டில் தொங்கிக்கொண்டு நின்றது.

மாயவன் கரியராமரிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டான். சுற்றிலும் ஒரு முறை பார்த்தான். யாரும் இல்லை. ஆனாலும் பார்த்தான். அமுக்கினான்.

பச்சை விளக்கு எரிந்தது. ஜீப் கோயில் தேர் மாதிரி, அவசரமில்லாமல், குலுங்காமல் மேட்டில் ஏறியது. உச்சியில் பெண்களோடு காத்திருந்த இருசம்மாள் கண்டது இதுதான்: முன் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, டீயை ரசித்து உறிஞ்சிக்கொண்டு வந்தார் ஓர் அரசாங்க அதிகாரி.

"பாவி" என்றாள் அவள். மாயவனின் காதில் அது "சபாஷ்" என்று விழுந்திருக்க வேண்டும். அவ்வளவு சிரித்தான்.

அறிக்கை வெகு சீக்கிரம் வந்தது. "பாதை வாகனம் செல்லத்தக்கதாக உள்ளது. பயணத்தின்போது கையிலிருந்த தேநீர் ஒரு சொட்டும் சிந்தவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். சாலை அமைக்க அவசியமில்லை."

அன்று வீட்டில் நடந்ததை எழுதினால் இந்தக் கதையின் கண்ணியம் கெடும். சாமைச் சோறு ஒரு தட்டில் மட்டும் போடப்பட்டது என்று சொன்னால் போதும். மறுநாள் இருசம்மாள் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினாள். மாயவனும் கூடவே போனான்.

"சார், அந்த ஜீப்பு ஏறனது சுவிட்சாலங்க. பாதையால இல்ல."

"எதால ஏறனா இன்னாம்மா? ஏறுச்சா, இல்லியா?"

"வேற வண்டி ஒண்ணுகூட ஏறாதுங்களே."

"அப்படியா? அப்ப வேற வண்டியில வந்துதான் அத ஆய்வு பண்ணணும்." நாராயணசாமி யோசித்தார். "ஆனா வேற வண்டிதான் ஏறாதுன்றியே. ஏறாத வண்டியில எப்படிம்மா ஆய்வுக்கு வர்றது?"

இருசம்மாள் அவரையே பார்த்தாள். அவர் முகத்தில் கேலி எதுவும் இல்லை. உண்மையான கவலைதான் இருந்தது. கடைசியில் அவள் கொடுத்த மனுவின் பேரில் 'மறு ஆய்வு' ஒன்று நடத்துவதாக ஒப்புக்கொண்டார். அதே ஜீப்பில்தான் வருவார். விதி அப்படி.

இந்த முறை இருசம்மாள் யாருடைய சத்தியத்தையும் நம்பவில்லை. காலையில் ஜீப்பின் மூடியைத் திறந்து, லாக்கருக்குப் போகிற பியூஸைப் பிடுங்கி, சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இப்ப அமுத்துய்யா. எவ்ளோ வேணா அமுத்து."

மழையும் அவள் கட்சியில் இருந்தது. நாராயணசாமியை ஏற்றிய ஜீப் வழுக்கு மேட்டின் பாதியில் சிக்கியது. மாயவன் பழக்க தோஷத்தில் அமுக்கினான். பச்சை விளக்கு எரியவில்லை. சக்கரம் சேற்றை வாரி இறைத்தது. வண்டி கோணலாக நின்றது. டீ முழுக்க நாராயணசாமியின் சட்டையில் இருந்தது. அவர் வேறு வழியில்லாமல் இறங்கினார். முழங்கால் வரை உள்ளே போனார். குக்கிராம இணைப்பு ஆய்வுப் பிரிவு தோன்றிய நாளிலிருந்து அதன் அதிகாரி ஒருவர் ஒரு குக்கிராமத்தோடு இவ்வளவு நெருக்கமாக இணைக்கப்பட்டது அதுவே முதல் தடவை.

"ஐயையோ, இன்னாப்பா இது, ரொம்ப மோசமா இருக்குதே!" என்று அவர் வாய்விட்டுச் சொன்னார்.

மேலே நின்றிருந்த இருசம்மாளின் காதில் அந்த வார்த்தை விழுந்தது. இத்தனை வருடம் அவள் காத்திருந்த வார்த்தை. "எழுதுங்க சார்! அத அப்படியே எழுதுங்க!" என்று கத்திக்கொண்டே கீழே ஓடிவந்தாள்.

வழுக்கு மேட்டில் ஓடக் கூடாது என்பது நெட்டுக்காட்டில் குழந்தைக்கும் தெரியும். சந்தோஷத்தில் அவளுக்கு மறந்துவிட்டது. கால் சறுக்கி, உருண்டு, ஒரு பாறையில் மோதி அவள் நின்றபோது கணுக்கால் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஊர் ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒரு போர்வையை மூங்கில் கழியில் தூளி மாதிரிக் கட்டி, அவளை அதில் போட்டு, நான்கு பேர் தோளில் தூக்கினார்கள். ஒருவர் காலை மற்றவர் மிதிக்காமல், நகத்தை மண்ணில் ஊன்றி ஊன்றி, கோணலாய்க் கிடந்த ஜீப்பைச் சுற்றிக்கொண்டு, கீழே சமதளத்துக்கு இறங்கினார்கள். நாராயணசாமி சேற்றில் நின்றபடி அவர்கள் கடந்து போவதை உன்னிப்பாகக் கவனித்தார்.

மாயவன் தூளியின் பக்கத்திலேயே ஓடினான். "இருசு... இருசு..."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு நொடி அவள் கை யோசித்தது. கொடுத்தால் ஜீப் கிளம்பும். ஆஸ்பத்திரிக்குப் போகலாம். கொடுத்தால் ஜீப் கிளம்புவதை அந்த ஆள் பார்த்துவிடுவார்.

"சார் எழுதிட்டாராய்யா?"

"எழுதறாரு இருசு, எழுதறாரு. குடு."

கொடுத்தாள். பியூஸ் போட்டதும் பச்சை விளக்கு எரிந்தது. ஜீப் சேற்றிலிருந்து சமர்த்தாகப் பின்னால் இறங்கி வந்தது. இருசம்மாளைப் பின்னால் படுக்க வைத்தார்கள். நாராயணசாமி முன் சீட்டில் ஏறி, கரியாலூர் ஆஸ்பத்திரி வரைக்கும் எழுதிக்கொண்டே வந்தார். இறங்கும்போது கண் கலங்கியிருந்தது. "தைரியமா இரும்மா. நான் பாத்தத ஒண்ணு விடாம எழுதிட்டேன்" என்றார். சொன்ன சொல் தவறாதவர்.

மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டி வீட்டில் உட்கார்ந்திருந்தபோது மறு ஆய்வு அறிக்கை வந்தது. மாயவன் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"வாகனம் சிக்கியதற்குப் பாதை காரணமல்ல. பியூஸ் இல்லாததே காரணம். பியூஸ் பொருத்தியவுடன் வாகனம் சீராக இயங்கியது. இப்பகுதியில் விபத்து நேர்ந்தால் அவசர ஊர்தி உடனடியாகக் கிடைப்பதையும் நேரில் கண்டேன். மேலும், ஆய்வின்போது எதிர்த் திசையிலிருந்து வந்த வேறொரு வாகனம் எங்கள் வாகனத்தைத் தடையின்றிக் கடந்து சென்றது. ஆகவே இப்பாதை இருவழிப் போக்குவரத்துக்கும் உகந்ததாக உள்ளது."

இருசம்மாள் நெற்றியைச் சுருக்கினாள்.

"எதுருல வண்டியா? அன்னிக்கு நம்ப ஜீப்பத் தவுர எந்த வண்டியும் வரலியேய்யா?"

மாயவன் தாளை மடித்தான். அதை அவளுடைய மாவுக்கட்டின் பக்கத்தில் வைத்தான்.

"வந்துச்சி இருசு" என்றான். "நாலு பேரு தூக்கிக்கினு வந்தாங்க."